இழுவை என்று எழுதினேன்

அப்பளசாமி பெரிய ஆள் ஆகவில்லை. எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் குலை ஏற்றப் போனவன், குலை ஏற்றியே காலத்தை ஓட்டினான். ஆகியிருப்பானா என்று கேட்டால், ஆகியிருக்கலாம். ஆகாமல் போனதில் எனக்குப் பங்கு இருக்கிறது. அதனால் அவனைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் என்னைப் பற்றிச் சொல்லித் தொலைக்க வேண்டியிருக்கிறது.

என் பெயர் உடையப்பன். 1986-இல் மலேசியாவில், ரவாங்கில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தேன். வாரத்தில் ஒரு நாள் மட்டும் எனக்கு வேறு பெயர். ஒரு தமிழ்ப் பத்திரிகையின் ஞாயிறு பதிப்பில் 'செவிச்செல்வன்' என்ற பெயரில் உள்ளூர்க் கேசட்டுகளுக்கு விமர்சனம் எழுதினேன். அந்தப் பெயரை நானே எனக்கு வைத்துக்கொண்டேன். இப்போது அதைத் தாளில் எழுதும்போதுகூட முகம் சுடுகிறது.

எங்கள் தோட்டம் புக்கிட் ரோத்தானுக்கு உள்ளே, ஏழாவது மைலில். எங்கள் பக்கத்தில் மைலைக் கட்டை என்பார்கள், ஆகவே ஏழாங்கட்டை. நானும் அப்பளசாமியும் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் அடுத்தடுத்த வீடுகளில் வளர்ந்தவர்கள். அவன் என்னைவிட நான்கு வயது இளையவன். அவன் வீட்டில் பாதி தெலுங்கு, பாதி தமிழ். கோபம் வந்தால் முழுக்கத் தமிழ். நான் படித்து வெளியே போனேன். அவன் செம்பனைக் குலைகளை இரும்புக் கம்பியால் குத்தி லோரியில் வீசும் வேலைக்குப் போனான். அவனுடைய தோளைப் பார்த்தால் பாட்டுக்காரன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் வாயைத் திறந்தால் உயரமான, கணீரென்ற குரல். மரங்களின் கடைசி நிரையில் நின்று லோரி டிரைவரைக் கூப்பிட்டால் லயத்தில் சோறு வடிக்கும் பெண்கள் தலையைத் திருப்புவார்கள். அந்தக் குரலை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். தெரிந்திருந்தும்தான் அப்படிச் செய்தேன்.

அது மலாய்ப் பையன்களுக்கு ராக் வெறி பிடித்திருந்த காலம். ஒட்டிய ஜீன்சும் தோள்வரை முடியுமாக எல்லாக் கம்பத்திலும், அதாவது மலாய்க் கிராமத்திலும், ஒரு கூட்டம் கித்தாரைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. நம்மவர்களின் இசைக்குழுக்களோ கல்யாண மேடையில் சினிமாப் பாட்டை அப்படியே பாடிவிட்டுச் சாப்பிட்டுப் போவார்கள். சொந்தமாகப் பாட்டு எழுதி, சொந்தமாக மெட்டுப் போட்டு, அதையும் ராக்காக அடிக்கலாம் என்று எங்கள் வட்டாரத்தில் முதலில் நினைத்தவன் அப்பளசாமி. டிரம்ஸுக்கு ராஜு, பேஸ் கித்தாருக்கு நல்லசாமி, மற்றதற்கெல்லாம் அவன். குழுவின் பெயர் 'ஏழாங்கட்டை'. ராஜு மலாய்ப் பள்ளியில் படித்தவன். தமிழ் பேசுவான், படிக்க வராது. அதனால் அப்பளசாமி எழுதும் வரிகளை அவனுக்கு நல்லசாமிதான் படித்துக் காட்ட வேண்டும்.

ரப்பரை வெட்டிச் செம்பனை போட்ட பிறகு ரப்பர் ஷீட் உலர்த்தும் தோட்டத்துப் புகைக்கூடம் சும்மா கிடந்தது. வேலையை மேற்பார்க்கும் மண்டோரின் கையைக் காலைப் பிடித்து அதைப் பயிற்சிக்கு வாங்கினார்கள். சுவரெல்லாம் ரப்பர் ஷீட்டின் வாடை. தோட்டத்து ஜெனரேட்டர் மாலை ஆறு மணிக்குத்தான் ஓடும், பத்துக்கு நிற்கும். வேலை முடிந்து குளித்து, ஆறிலிருந்து பத்துக்குள் அவர்கள் எல்லாவற்றையும் பழகியாக வேண்டும். மூன்று வருடம் அப்படிப் பழகினார்கள். பிறகு கிள்ளானில் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கூடத்தில் இரண்டே நாளில் எட்டுப் பாட்டைப் பதிந்தார்கள். கேசட்டின் பெயர் 'பெரட்டு'. தோட்டத்தில் விடிவதற்கு முன் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவதுதான் பெரட்டு. முதல் பாட்டும் அதைப் பற்றியதுதான்.

கோலாலம்பூரில் ஒரு கேசட் கம்பெனிக்காரர் கொஞ்சம் போட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். இது ஓடினால் மறுபதிப்பு, தீபாவளிக்கு இரண்டாவது கேசட். இரண்டாவது வந்தால் குலை குத்தும் கம்பியைக் கீழே போட்டுவிட்டுக் கோலாலம்பூருக்குப் போய்விடுவது என்று அப்பளசாமி தன் மனைவி திலகத்திடம் சொல்லியிருந்தான். அவளும் சரி என்று சொல்லியிருந்தாள். இதெல்லாம் எனக்குத் தெரியும்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை நான் ரவாங்கிலிருந்து வந்து இறங்கியபோது பஸ் நிற்கும் இடத்தில் கேசட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்துக்கொண்டு அவன் காத்திருந்தான். செவிச்செல்வன் யார் என்பது தோட்டத்தில் அவனுக்கும் திலகத்துக்கும் மட்டும்தான் தெரியும்.

"அண்ணே, மொத கேசட்டு உங்களுக்குத்தான். கடைக்குக்கூட இன்னும் போவல."

"நல்லா இருந்தாத்தான் நல்லா இருக்குன்னு எழுதுவேன்."

"அதான் வேணும் லா. நம்ம பையன்னு தூக்கி எழுதாதீங்க. சாயங்காலம் கரண்ட் வந்ததும் நல்லா சத்தமா வச்சுக் கேளுங்க. அது போதும்."

அன்று சாயங்காலம் எனக்குக் கோலசிலாங்கூரில் ஒரு கல்யாண விருந்து. திரும்பி வந்தபோது லயம் இருண்டு கிடந்தது. மறுநாள் மாலை ஐந்து மணிக்கே ரவாங் பஸ். திங்கள் காலைத் தபாலில் விமர்சனம் போயாக வேண்டும். ரவாங்கில் நான் தங்கியிருந்த அறையில் கேசட் கருவி கிடையாது. அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்த, கேசட்டும் போடும் ரேடியோவில்தான் எப்போதும் கரண்ட் நேரத்தில் கேட்டு எழுதுவேன். இந்த முறை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட மயக்கத்தில், பேட்டரியில் கேட்டேன்.

லயத்தில் யாரும் பேட்டரியைச் சட்டென்று தூக்கிப் போடுவதில்லை. ஓய்ந்ததும் கழற்றித் தகரக் கூரையில் வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடுவார்கள். இன்னும் நாலு நாள் ஓடும். அம்மாவும் அன்று காலையில்தான் கூரையிலிருந்து எடுத்துப் போட்டிருந்தாள். ரேடியோவைத் திருகினேன்; செய்தி தெளிவாக வந்தது. பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக் கேசட்டைப் போட்டேன். செய்தி வாசிக்கச் சத்து இருக்கும் பேட்டரிக்கு நாடாவைச் சுற்றச் சத்து இருக்காது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

பாட்டு நகர மறுத்தது. டிரம்ஸ் விழுவதா வேண்டாமா என்று யோசித்து யோசித்து விழுந்தது. அப்பளசாமியின் குரல் தடித்து, அடித்தொண்டையிலிருந்து வந்தது. இவன் குரல் இப்படி இருக்காதே என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு, ஓகோ, வெள்ளைக்காரன் மாதிரி பாடப் பார்க்கிறான் என்று நானே ஒரு காரணமும் கண்டுபிடித்துக்கொண்டேன். இரண்டாம் பக்கம் இன்னும் மோசமாக இழுத்தது. இரண்டு பாட்டோடு நிறுத்திவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

எழுதியதில் ஒரு வரியும் மறக்கவில்லை. "ஏழாங்கட்டையிலிருந்து புறப்பட்டவர்கள் இன்னும் ஆறாங்கட்டைக்கே வந்து சேரவில்லை. தாளம் தள்ளாடுகிறது. பாடகர் இல்லாத கம்பீரத்துக்காக உறுமுகிறார். மொத்தத்தில் இழுவை, இழுவை, இழுவை. ராக் இசையைத் தூக்கிச் சுமக்கத் தோட்டத்துத் தோளுக்கு இன்னும் வலு போதாது." பஸ்ஸில் போகும்போது அந்தக் கடைசி வரியை இரண்டு தரம் எடுத்துப் படித்துக்கொண்டேன். அவ்வளவு பிடித்திருந்தது.

பேட்டரி மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டுத் தப்பிக்க எனக்கு ஆசைதான். முடியாது. லயத்தில் பிறந்தவன் என்பது ரவாங் அலுவலகத்தில் யாருக்கும் தெரியக் கூடாது என்று இருந்தவன் நான். 'ஊர் எது?' என்று கேட்டால் 'கோலசிலாங்கூர் டவுன்' என்பேன். லயத்துப் பையன்கள் செய்தால் மட்டமாகத்தான் இருக்கும் என்று கேசட்டைப் போடுவதற்கு முன்பே என் மனம் தீர்மானம் செய்துவிட்டது. அது மெதுவாக ஒலித்ததும் எனக்கு வருத்தம் வரவில்லை, நான் நினைத்தது சரி என்ற திருப்திதான் வந்தது. ஒரு தரம் நிறுத்தி, விமர்சனத்தை ஒரு வாரம் தள்ளிப்போட்டு, அடுத்த சனிக்கிழமை கரண்ட் வரும் வரை பொறுத்திருந்தால் போதும். வேறு யாருடைய கேசட்டாக இருந்தாலும் பொறுத்திருப்பேன்.

விமர்சனம் வந்த இரண்டாவது வாரம் வாசகர் பகுதியில் ஒரு கடிதம். கெர்லிங்கிலிருந்து கங்கா என்ற பெண். "இந்தக் கேசட்டை எங்கள் வீட்டில் தினமும் போடுகிறோம். பாடகர் எங்கும் உறுமவில்லை. ஐயா செவிச்செல்வன் கேட்டது இதே கேசட்தானா?" என்று மூன்றே வரி எழுதியிருந்தாள். அதைப் படித்தவனுக்கு அங்கேயே உறைத்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? "கெர்லிங் வாசகிக்குப் பாட்டு பிடித்ததில் மகிழ்ச்சி. அட்டையில் பாடகரின் படம் அழகாகத்தான் இருக்கிறது" என்று பதில் எழுதினேன். ஆசிரியர் சிரித்துக்கொண்டே போட்டார். அந்தப் பெண் பிறகு எழுதவில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு முகவரி கூடத் தெரியாது.

கேசட் முதல் இரண்டு வாரம் நன்றாகவே போனதாம். பிறகு படுத்துவிட்டது. 'பேப்பர்லயே போட்டுட்டான்' என்று சொல்லிச் சொல்லிக் கடைக்காரர்கள் பெட்டியைத் திருப்பி அனுப்பினார்கள். கம்பெனிக்காரர் மறுபதிப்பு இல்லை, தீபாவளிக் கேசட்டை அப்புறம் பார்க்கலாம் என்றார். அவருடைய அப்புறம் என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும்.

அப்பளசாமி மறுபடி பஸ் நிற்கும் இடத்துக்கு வந்தான். திட்டுவான் என்று நான் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"படிச்சேண்ணே. திலகம் ரெண்டு நாளு சோறு திங்கல. நான் சொன்னேன், அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும். நம்மாளு எல்லாரும் முதுகத் தட்டிட்டுப் போறான், நேரா சொல்ல ஆளில்ல லா."

"வருத்தமில்லையா?"

"இருக்கு. ஆனா இழுவைன்னா சரி பண்ணிடலாம்தானே? அது என்ன நோயா?"

நான் பெரிய மனிதன் மாதிரி தலையாட்டினேன்.

மே மாதக் கடைசியில் அம்மா புது அரிசி கேட்டாள் என்று தஞ்சோங் காராங் போனேன். திரும்பும்போது ஜக்கரியாவின் உணவகத்தில் தேநீருக்கு உட்கார்ந்தேன். ஜக்கரியாவின் அப்பா தமிழ்நாட்டுக் கடற்கரை ஊரிலிருந்து வந்து போட்ட கடை. கல்லாவுக்கு மேலே ஒரு பெட்டியில் எப்போதும் பாட்டு ஓடும். அன்று ஓடிய பாட்டில் டிரம்ஸ் துள்ளிக்கொண்டு போனது. அதற்கு மேலே ஒரு குரல், உயரமாக, மூச்சு விடாமல், பெரட்டில் பேரைக் கூப்பிடாமல் மறந்துவிடப்பட்ட ஒருவனைப் பற்றிப் பாடியது. ரொட்டி சானாய்க்கு மாவு வீசுகிறவன் அந்தத் தாளத்துக்கே வீசிக்கொண்டிருந்தான். நான் கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். எங்கோ கேட்ட குரல், கேட்ட வரி; ஆனால் இழுவை என்று எழுதிய கேசட்டோடு அதைச் சேர்த்துப் பார்க்க மனம் ஒப்பவில்லை.

"ஜக்கரியா, யார் பாட்டு இது? ரொம்ப நல்லா இருக்கே. இந்தியாவுலேருந்து வந்துச்சா?"

"இந்தியாவாவது. உங்க தோட்டத்துப் பயலுவதானே, ஏழாங்கட்டை. உங்களுக்குத் தெரியாதா?"

"இதா?"

"இதேதான். பேப்பர்ல எவனோ ஒருத்தன் இழுவைன்னு எழுதிப்புட்டான், காது செத்த பய. அதுக்கப்புறம் கடையில வச்சது ஒண்ணும் போவல. நான்தான் வீம்புக்குத் தெனமும் போட்டுக்கிட்டு இருக்கேன்."

அந்தக் காது செத்த பயல் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறான் என்று சொல்ல வாய் வரவில்லை. அரிசியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று ஆறு மணிக்குக் கரண்ட் வந்ததும் அந்தக் கேசட்டை வீட்டில் போட்டேன். எட்டுப் பாட்டும் துள்ளின. பிறகு கரண்ட் வயரைப் பிடுங்கிவிட்டு அம்மாவின் காய்ந்த பேட்டரியில் போட்டேன். அதே உறுமல். அதே இழுவை.

உள்ளேயிருந்து அம்மா வந்தாள். "என்னடா பண்ற? பேட்டரி ஓஞ்சா கேசட்டு இழுக்கும்னு லயத்துல சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். உனக்கு மறந்துடுச்சா?"

மறந்துதான் போயிருந்தது. லயத்தைப் பற்றி நான் மறக்கப் பார்த்த எல்லாவற்றோடும் சேர்ந்து அதுவும் போய்விட்டிருந்தது.

மறுவாரமே திருத்தம் எழுதியிருக்கலாம். எழுதவும் செய்தேன், மூன்று தரம். ஒவ்வொரு தரமும் பத்திரிகை அலுவலகத்துக்கு வேறு ஒரு கேசட்டின் விமர்சனம்தான் போனது. 'அஞ்சாத பேனா' என்று ஒரு வாசகர் என்னைப் பாராட்டி எழுதியிருந்தார். ஆசிரியர் பக்கத்தைப் பெரிதாக்கியிருந்தார். ஓய்ந்த பேட்டரியில் கேட்டேன் என்று எழுதினால் ஊரே சிரிக்கும், நான் லயத்துக்காரன் என்பதும் தெரிந்துபோகும். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று ஐந்து மாதம் ஓட்டினேன். சனிக்கிழமைகளில் ஊருக்குப் போவதையும் குறைத்துக்கொண்டேன். போனாலும் ஒரு நிறுத்தம் முன்னால் இறங்கி நடந்தேன். என்னைவிடக் கோழை அந்த வட்டாரத்தில் அப்போது இருந்திருக்க முடியாது.

அக்டோபரில் அப்பளசாமியிடமிருந்து கடிதம் வந்தது. கோலசிலாங்கூர் பொது மண்டபத்தில் தீபாவளி ஒன்றுகூடல், ஞாயிறு மதியம் மூன்று மணி, ஏழாங்கட்டை பாடுகிறது, கம்பெனிக்காரரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், அண்ணன் கட்டாயம் வர வேண்டும். நான் நான்காவது தரமாகத் திருத்தத்தை எழுதி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். இன்று சொல்லிவிடுவது, அவன் கண் முன்னாலேயே தபாலில் போடுவது என்று முடிவு.

மண்டபம் நிறைந்திருந்தது. சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து லோரி லோரியாக வந்திருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் எங்கள் லயத்து அம்சவள்ளி அக்கா. 'பெரட்டு' பாட்டின் முதல் கம்பி ஒலித்ததுமே பெண்கள் கைதட்டத் தொடங்கினார்கள். கேசட் விற்காவிட்டாலும் கடைகளில் கேட்டுக் கேட்டுப் பாட்டு எல்லோருக்கும் பாடமாகியிருந்தது. அக்காவும் வாயைத் திறந்து கூடப் பாடினார்.

நாலு வரிதான். அதற்கு மேல் யாராலும் கூடவர முடியவில்லை. பாட்டு ஓடியது. அப்படி ஒரு ஓட்டம். ராஜு பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தான். அப்பளசாமிக்கு மூச்சு வாங்கியது. வார்த்தைகளைப் பாதியில் விழுங்கினான். அந்தப் பேர் மறந்துபோன மனிதனுக்காக நெஞ்சடைக்க வேண்டிய இடம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. கைதட்டல் முதலில் குழம்பி, பிறகு நின்றது.

"ஏன்டா தம்பி இவன் இப்படி ஓடுறான்?" என்றார் அம்சவள்ளி அக்கா. "கடைசி பஸ்ஸு போயிடுச்சா? நல்லாத்தானே பாடிக்கிட்டு இருந்தான்."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எட்டுப் பாட்டையும் அப்படியே ஓட்டினார்கள். ஐந்தாவது பாட்டில் கம்பெனிக்காரர் எழுந்து போவதைப் பார்த்தேன்.

முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போனேன். அப்பளசாமி வேர்வை சொட்டச் சொட்ட நின்றுகொண்டிருந்தான். முகம் மட்டும் மலர்ந்திருந்தது.

"அண்ணே, இழுவை போயிடுச்சா?"

அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல முடியவில்லை. சொல்லிவிட்டேன். கல்யாணம், இருண்ட லயம், மத்தியானம், காய்ந்த பேட்டரி, ஜக்கரியா கடை, ஐந்து மாதம் வாயை மூடியிருந்தது, எல்லாம். சொல்லச் சொல்ல அவன் மலர்ச்சி அடங்கியது. ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உட்கார்ந்தான். அறைந்துவிட மாட்டானா என்று இருந்தது எனக்கு.

பிறகு ஒன்றே ஒன்று கேட்டான்.

"அப்ப மொதல்ல நாங்க பாடுனது நல்லாத்தான் இருந்துச்சாண்ணே?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு."

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். நான் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினேன். "நாளைக்கே தபாலில் போடுறேன். என் சொந்தப் பேர்லயே."

ஒவ்வொரு வரியாக நிதானமாகப் படித்தான். பிறகு மடித்து, அவனே என் பையில் திருப்பி வைத்தான்.

"போடாதீங்கண்ணே."

"ஏன்?"

"பேப்பர்ல வந்தா ராஜுக்குத் தெரிஞ்சுடும். தாளம் தள்ளாடுதுன்னு எழுதியிருந்தீங்கல்ல, நல்லசாமி படிச்சுக் காட்டுனதுலேருந்து அவன் ஒரு நாளு விடல. வெரலு கொப்புளிச்சு, ஒடஞ்சு, மறுபடி கொப்புளிச்சு, இந்த வேகத்துக்கு வந்திருக்கான். எல்லாம் அவனாலதான் கெட்டுச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தான். இப்பப் போயி அது சும்மான்னு எப்படிச் சொல்றது? எனக்குத் தெரிஞ்சா போதும் லா."

அப்போது ராஜுவே திரை விலக்கி வந்தான். நான்கு விரல்களில் பிளாஸ்டர். என்னைப் பார்த்ததும் சிரித்தான். நான்தான் செவிச்செல்வன் என்பது அவனுக்குத் தெரியாது.

"அண்ணே, நீங்க படிச்சவங்க, கேக்குறேன். அந்தப் பேப்பர்காரன் இன்னிக்கு வந்திருந்தா, இழுவைன்னு சொல்லியிருப்பானா?"

அப்பளசாமி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வயரைச் சுருட்டத் தொடங்கினான்.

"சொல்லியிருக்க மாட்டான், ராஜு" என்றேன்.

ராஜு அந்தப் பிளாஸ்டர் கையால் என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.